இரண்டு விரல் தூரத்தில் நின்ற குண்டு

இது நடந்தது எண்பத்திரண்டிலோ எண்பத்திமூன்றிலோ, ஒரு வைகாசி மாதம். ஜெயங்கொண்டத்தைத் தாண்டி முந்திரிக் காட்டுக்குள் இருக்கிற ஒரு ஊரின் திருவிழா. நானும் என் வீட்டுக்காரரும் ஐந்து மரப் பலகைகளைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டிக்கொண்டு, பாடாலூரில் பஸ் ஏறி, பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு முன்னால் வெளி ஆம்பிளை ஒருத்தரிடம் நிமிர்ந்து நின்று நான் பேசியதே கிடையாது. அதற்கப்புறமும் பெரிதாகப் பேசிவிடவில்லை. எனக்குக் கூச்சம் கூடவே பிறந்தது. அன்றைக்கு மட்டும் ஒரு அரை நாள் அது என்னை விட்டு எங்கேயோ போயிருந்தது. அந்த அரை நாளைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் இரண்டு வீட்டு ஆட்களும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். என் வீட்டுக்காரர்தான் முதன்முதலாக மண்வெட்டியை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தவர். பாடாலூர் மெயின் ரோட்டில் லாரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை. ஒரு நாள் ஜாக்கி நழுவி லாரி அவர் காலில் இறங்கிவிட்டது. மாவுக்கட்டு போட்டு, மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஓடியாடி வேலை செய்தவரைப் படுக்கப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். குழம்பில் உப்பு இல்லை, கூரையில் ஒட்டடை, பக்கத்து வீட்டுக் கோழி ஏன் கத்துகிறது என்று நாள் முழுக்க எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு எதிர்த்துப் பேச வராது. அவர் கைக்கு ஏதாவது வேலை கொடுத்தால் வாய் ஓயும் என்று தோன்றியது. வீட்டில் லாரியிலிருந்து கழற்றிய உடைந்த பலகை ஒன்று கிடந்தது. பவுடர் டப்பா ஒன்றில் தேய்ந்த பேரிங்கில் இருந்து எடுத்த இரும்புக் குண்டுகள் இருந்தன. ஆணி இருந்தது, சுத்தியல் இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்கப்புறம் கல்யாணம் ஆகும் வரைக்கும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவேன். வாய்க்காலில் ஒரு கை மண்ணை இந்தப் பக்கம் வைத்தால் தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பும். ஒரு கல்லைக் குறுக்கே போட்டால் தயங்கி நின்று, சுழித்து, பிறகு போகும். தண்ணீர் எங்கே போகும் என்று முன்கூட்டியே மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். பலகையைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. தண்ணீருக்குப் பதில் குண்டு.

பலகையின் பின்பக்கம் கட்டை வைத்து உயர்த்தினேன். மேலே குண்டு புறப்படுகிற இடம். கீழே ஒரு மூலையில் குண்டு விழ வேண்டிய தகரக் கிண்ணி. இடையில் ஆணியும் பள்ளமும் தடுப்புமாக வழி. ஆடுகிறவர் கையில் மூன்றே துண்டுகள் கொடுப்பேன். ஒரு மூங்கில் பத்தை, ஒரு வளைந்த தகரம், சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு ரப்பர். அந்த மூன்றையும் யோசித்துப் பலகையில் வேண்டிய இடத்தில் செருகிவிட்டுக் குண்டை விட வேண்டும். விட்ட பிறகு கை வைக்கக் கூடாது. குண்டு தானாகக் கிண்ணிக்குப் போனால் ஜெயம்.

முதல் பலகையை அவர் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, "இம்புட்டுதானா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் சமையலை முடித்துவிட்டு இரண்டு ஆணியைப் பிடுங்கி இடம் மாற்றினேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப் ஆட்கள் அவரைப் பார்க்க வருவார்கள். நலம் விசாரிப்பது இரண்டு நிமிஷம், பலகை இரண்டு மணி நேரம். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்த்துப் பார்த்து ஒன்று புரிந்துகொண்டேன். குண்டு தவறினதும் "ச்சே!" என்று தொடையில் தட்டி மறுபடி குண்டை எடுத்தால் பலகை சரி. "போய்யா" என்று தள்ளி வைத்துவிட்டு டீயை எடுத்தால் பலகை சரியில்லை, பிரித்துவிட வேண்டும். முதல் தடவையே எல்லாருக்கும் வந்துவிட்டாலும் பிரித்துவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாக ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். நானே தொடர்ந்து மூன்று தடவை ஜெயிக்காத பலகையை அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டேன்.

இப்படி நாலு பலகை ஆனது. ஐந்தாவதுக்கு ஒரு மாதம் பிடித்தது. குண்டு இறங்கி, ரப்பரில் மோதித் திரும்பி, தகரத்தில் சறுக்கி, கடைசியில் வலமிருந்து இடமாகப் போகிற ஒரு நீளப் பள்ளத்தில் வந்து விழும். அங்கே வந்ததும் வேகமெல்லாம் அடங்கி ஊர ஆரம்பிக்கும். நின்றுவிடுமோ நின்றுவிடுமோ என்று இருக்கும். ஆனால் நிற்காது. ஊர்ந்து ஊர்ந்து இடது ஓரத்துக்குப் போய் 'டொக்' என்று கிண்ணியில் விழும். அந்தப் பள்ளத்தில் குண்டு போகும்போது ஒர்க்‌ஷாப் ஆட்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை.

கால் கட்டுப் பிரித்தபோது அவர் கால் கொஞ்சம் கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. பளு தூக்க முடியாதவனை வைத்து என்ன செய்வது என்று ஒர்க்‌ஷாப் முதலாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருடைய கூட்டாளி ஒருத்தர்தான், "இந்தப் பலகைங்கள திருவிழாவுல போட்டா ஜனம் மொய்க்கும்டா" என்று சொல்லி, அந்த முந்திரிக்காட்டு ஊருக்கு வழியும் சொன்னார். எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அந்த ஒரு கடை நின்றால்தான் அடுத்த திருவிழா, அதற்கடுத்த திருவிழா என்று போக முடியும். அங்கே பெயர் கெட்டால் எங்கேயும் இடம் கிடைக்காது. திருவிழாக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள்.

கடைகளுக்கு இடம் ஒதுக்குகிற குத்தகைக்காரர் நல்ல வாட்டசாட்டமான ஆள். எங்களுக்கு ஒரு வேப்பமரத்தடியைக் காட்டி, நீளமான பெஞ்சு ஒன்றைப் போடச் சொன்னார். பெஞ்சு ஆடியது. அவரே குனிந்து காலுக்கடியில் கல்லைச் செருகி, தட்டிப் பார்த்து, "நான் போட்ட பெஞ்சு. மட்டம்னா மட்டம். கொத்தனாரை இட்டாந்து காட்டு" என்று மார்தட்டிவிட்டுப் போனார்.

காலையில் கூட்டம் உண்மையாகவே மொய்த்தது. முதல் பலகைக்குச் சீப்பு, இரண்டாவதுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, மூன்றாவதுக்குச் சோப்பு டப்பா, நாலாவதுக்குக் கண்ணாடி டம்ளர். ஐந்தாவதுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். சீப்பும் கண்ணாடியும் போய்க்கொண்டே இருந்தன. ஆடினவர்கள் என் வீட்டுக்காரர் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்யா நீ, எப்புடிய்யா இதெல்லாம் தோணுது?" என்று கேட்டார்கள். அவர் லேசாகச் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் நின்று, பரிசுப் பொருளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். சத்தியமாக எனக்கு அதுதான் சௌகரியமாக இருந்தது.

உச்சி வெயில் வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. தூக்கு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது பலகையில் எத்தனையோ பேர் ஆடிவிட்டார்கள். மூன்று துண்டையும் சரியாகவே செருகினவர்கள்கூட அதில் உண்டு. குண்டு இறங்கும், மோதும், சறுக்கும், பள்ளத்தில் விழும், ஊரும். கிண்ணிக்கு இரண்டு விரல் தூரம் இருக்கும்போது நின்றுவிடும். எல்லாருக்கும் அதே இடம். அதே இரண்டு விரல்.

முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு அக்கா வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். கொட்டைப் பால் பட்டுப் பட்டுக் கை இரண்டும் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அந்தத் தூக்கின் மேல் அவருக்கு ஒரே கண். காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டுமாம். காசு கொடுத்து மூன்று தடவை ஆடினார். மூன்று தடவையும் இரண்டு விரலில் நின்றது. மூன்றாவது தடவை குனிந்து குண்டையே பார்த்து, "ஏன்டா, ஒனக்கும் எங்க ஊரு வெயிலு தாங்கலையா? இங்கயே ஒக்காந்துட்ட?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த அக்கா சிரிக்கவில்லை. நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏன் தம்பி, இதுல யாராச்சும் செயிச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒருத்தன், "எப்புடி செயிப்பாங்க? அடியில காந்தம் வச்சிருப்பான்யா!" என்று கத்தினான். அவ்வளவுதான். பலகையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். துண்டுகள் சிதறின. காந்தம் இல்லை. இல்லாததால் இன்னும் கோபம் வந்தது. "மரத்துக்குள்ள வச்சி அடைச்சிருப்பான்" என்றான் இன்னொருத்தன். சத்தம் கேட்டுக் குத்தகைக்காரர் வந்தார். கேட்டார். அவரே ஒரு தடவை குண்டை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல்.

"என்னய்யா, நொண்டிக் காலை வச்சிக்கிட்டு எங்க ஊரு சனத்தையே ஏமாத்த வந்தியா? பொட்டலத்தைக் கட்டு. இன்னும் பத்து நிமிசத்துல நீ இங்க நின்னா இந்த அஞ்சு பலகையும் அன்னதான அடுப்புக்கு வெறகாப் போயிடும். பாத்துக்க."

என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். "தப்பாயிடுச்சுங்க. மன்னிச்சிருங்க. கட்டிக்கிறோங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எடு புள்ள, போயிடலாம்" என்றார்.

அவர் கும்பிட்டதை நான் குறை சொல்லவில்லை. கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு யாராவது சத்தம் போட்டால் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். என் கையும் பாதி எழுந்துவிட்டது. ஆனால் 'தப்பாயிடுச்சுங்க' என்ற வார்த்தை என்னைத் தைத்தது. என்ன தப்பு? நான் மூன்று தடவை ஜெயித்த பலகை. மூன்று தடவை என்ன, முப்பது தடவை ஜெயித்திருப்பேன். எனக்கே தெரியாத ஒரு தப்பை இவர் எப்படி ஒப்புக்கொள்ளலாம்?

"கட்ட மாட்டோம்" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். குத்தகைக்காரர் அப்போதுதான் அங்கே ஒரு பொம்பளை இருப்பதையே பார்த்தார். "இது யாருய்யா?"

"பலகை செஞ்சவ" என்றேன். "அவரு செய்யல. அஞ்சும் நான் செஞ்சது. ஏமாத்துன்னு சொல்றதா இருந்தா என்னயச் சொல்லுங்க. அவரச் சொல்லாதீங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு. "புருசனக் காப்பாத்துதுய்யா" என்றான் காந்தம் கண்டுபிடித்தவன். நான் கீழே கிடந்த மூங்கில் பத்தையையும் தகரத்தையும் ரப்பரையும் பொறுக்கினேன். பலகையை நிமிர்த்தி வைத்தேன். யோசிக்காமல், பார்க்காமல், மூன்றையும் அதனதன் இடத்தில் செருகினேன். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"அப்ப நீயே ஆடு. குண்டு உள்ள விழட்டும். நான் வாயத் தொறக்கல" என்றார் குத்தகைக்காரர்.

விட்டேன். மோதியது, சறுக்கியது, பள்ளத்தில் விழுந்தது, ஊர்ந்தது. இரண்டு விரல் தூரத்தில் நின்றது.

மறுபடி விட்டேன். நின்றது. குண்டைப் புடவையில் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை விட்டேன். நின்றது. என் விதிப்படி மூன்று தடவை ஜெயிக்க வேண்டும். நான் மூன்று தடவை தோற்றேன், அத்தனை பேருக்கு முன்னால். கை தட்டிச் சிரித்தார்கள். சிலர் விசிலடித்தார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரர் நொண்டிக்கொண்டே போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கும்போது டம்ளர் சரிந்து பாதித் தண்ணீர் பெஞ்சில் கொட்டிவிட்டது.

கொட்டின தண்ணீர் ஓடவில்லை. கொட்டின இடத்திலேயே வட்டமாக நின்றது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே சிந்தினாலும் நிற்காது. சிமெண்டுத் தளம் போடும்போது என் வீட்டுக்காரரை விட்டுக் கொத்தனாரிடம் நான்தான் சொல்லச் சொல்லியிருந்தேன், "கழுவி விட்டா தண்ணி தானா மூலை ஓட்டைக்குப் போயிரணும், நல்லா வாட்டம் குடுங்க" என்று. கொத்தனாரும் நல்லாவே வாட்டம் கொடுத்திருந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்துத்தான் பலகையை வைப்போம். பலகைக்கு இடது கைப் பக்கம் அந்த மூலை ஓட்டை. அந்தப் பள்ளத்தில் குண்டை இடது பக்கம் ஊர வைத்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. என் வீட்டுத் தரை.

மற்ற நாலு பலகையிலும் குண்டு வேகமாக இறங்குவதால் தரை எப்படி இருந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாவதுதான் தரையை நம்பி ஓடியது. வாய்க்காலில் நின்று தண்ணீரின் போக்கைப் பார்த்து வளர்ந்தவள் நான். தினமும் காலையில் அதே தளத்தைக் கழுவி விடுகிறவளும் நான். எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் அது வேறு வெட்கம். அதில் அழுகை வரவில்லை.

டம்ளரில் மிச்சம் இருந்ததையும் பெஞ்சில் ஊற்றினேன். "இந்தாங்க, பாருங்க. தண்ணி நிக்குது. நீங்க சொன்னாப்ல பெஞ்சு மட்டந்தான்" என்றேன் குத்தகைக்காரரிடம். மரத்தடியில் கிடந்த ஒரு ஓட்டுச் சில்லை எடுத்துப் பலகையின் வலது ஓரத்துக்கு அடியில் வைத்தேன். குண்டை விட்டேன். பள்ளத்தில் விழுந்தது. ஊர்ந்தது. எல்லாரும் பார்த்துவைத்திருந்த அந்த இடத்தை, அந்த இரண்டு விரலை, தாண்டிப் போனது. 'டொக்.'

யாரும் கை தட்டவில்லை. மறுபடி விட்டேன். மறுபடி. மூன்று 'டொக்' கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

"எங்க வூட்டுத் தரை சாய்வாப் போட்டது. அதுலயே வச்சி ஆடிப் பாத்துட்டுக் கொண்டாந்துட்டேன். மட்டமான எடத்துல ஓடுமா ஓடாதான்னு பாக்கல. அது என் தப்புதான்" என்றேன்.

குத்தகைக்காரர் விடவில்லை. "அப்ப காலையிலேருந்து ஏமாத்துனதுதான? ஒன் வாயாலயே சொல்லிட்ட!"

"தப்பு பண்ணேன். ஏமாத்தல. ரெண்டும் வேறங்க" என்றேன். "ஏமாத்துறவ தப்பு எங்க இருக்குன்னு இப்புடித் தேடிக்கிட்டு நிக்க மாட்டா. காலையிலேருந்து இந்தப் பலகையில ஆடுனவங்க யாரா இருந்தாலும் மறுபடி வந்து ஆடுங்க. எத்தனை தடவ ஆடினீங்களோ அத்தனை தடவ. காசு வாணாம்."

"சில்லு வச்சி ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமாக்கும்?"

"ஆட்டத்தைச் செஞ்சவ நான். சில்லோட சேந்ததுதான் இனிமே இந்த ஆட்டம்." எங்கிருந்துதான் அந்தப் பேச்சு வந்ததோ. நிறுத்த முடியவில்லை. "அடுப்புல வைக்கணும்னா வச்சிக்குங்க. வெறகு எரிஞ்சிடும். செஞ்ச கை எங்கிட்டத்தான் இருக்கு. அடுத்த வாரமே இன்னொன்னு செஞ்சி எடுத்துக்கிட்டு வந்து இதே மரத்தடியில ஒக்காருவேன். அதையும் எரிச்சா அதுக்கு மறுவாரம் வருவேன். கட்டிக்கிட்டுப் போக மட்டும் சொல்லாதீங்க. ஏமாத்துனவதான் கட்டிக்கிட்டுப் போவா."

என் வீட்டுக்காரர் மறுபடி கூப்பப் போன கையை இறக்கிவிட்டு வந்து, பலகைக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு அது போதும்.

குத்தகைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். அப்போது முந்திரிக்கொட்டை அக்கா அவரை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சித்த தள்ளுங்க மாமா. எனக்கு மூணு ஆட்டம் இருக்கு. ஒங்க பஞ்சாயத்த அப்பால வச்சிக்கலாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் தள்ளி நின்றார். வேறென்ன செய்வார்?

அந்த அக்கா நான் செருகியிருந்த மூன்று துண்டையும் பிடுங்கினார். "அதே மாரி வச்சா ஒன் ஆட்டம். நான் என் ஆட்டம் ஆடுறேன்" என்றார். ரப்பரை நான் ஒரு மாதத்தில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காத ஒரு மூலையில் வைத்தார். அங்கே வைத்தால் வராது அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குண்டை விட்டுவிட்டார். முதல் தடவை வெளியே துள்ளி ஓடியது. "ச்சே!" என்று தொடையில் தட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை தகரத்தைக் கொஞ்சம் திருப்பினார். குண்டு ரப்பரில் மோதி, நான் நினைத்த வழியில் போகாமல், ஆணிகளுக்கு நடுவே ஒரு குறுக்கு வழியில் நுழைந்து, பள்ளத்தின் பாதியில் வந்து விழுந்து, நிதானமாக ஊர்ந்து கிண்ணிக்குள் போனது.

தூக்கை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் பொண்ணு, இந்த வழியும் இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா."

"நல்லாச் செஞ்ச போ. செஞ்சவளுக்கே தெரியல!" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அதற்கப்புறம் வரிசை நின்றது. சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் ஜெயித்துவிட்டார்கள். பரிசுக்கு நாங்கள் வைத்திருந்தது அந்த ஒரே தூக்கு. நாங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்த தூக்கைக் கழுவித் துடைத்து ஒருவருக்குக் கொடுத்தேன். இன்னொருவர் நாலு கண்ணாடி டம்ளர் போதும் என்று வாங்கிக்கொண்டார். குத்தகைக்காரர் அந்தப் பக்கமாக இரண்டு மூன்று தடவை நடந்து போனார். கடைசியாக வந்தபோது ஓட்டுச் சில்லு நழுவியிருந்ததைப் பார்த்துவிட்டு, குனிந்து அதைச் சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வருகிற பஸ்ஸில், அரியலூர் நெருங்கும்போது, என் வீட்டுக்காரர், "காலையில எல்லாரும் என்னயக் கெட்டிக்காரன்னு சொன்னப்ப நீ ஏன் வாயத் தொறக்கல?" என்று கேட்டார்.

"அப்பத் தேவப்படல" என்றேன்.

"எனக்குத் தேவப்பட்டுச்சு. அதான் நானும் சொல்லாம இருந்துட்டேன்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பலகைக் கட்டை என் மடியில் இருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவில் யார் கேட்டாலும் கட்டை விரலால் என்னைக் காட்டிவிடுவார். அப்போதெல்லாம் மரத்துக்குப் பின்னால் போய்விடலாமா என்று இருக்கும்.

அந்தப் பலகைகளை வைத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் பிழைத்தோம். என் விதியை மாற்றிக்கொண்டேன். புதுப் பலகை செய்தால் என் வீட்டில் மூன்று தடவை, பக்கத்து வீட்டு மண் தரையில் மூன்று தடவை, பள்ளிக்கூடத்துத் தளத்தில் மூன்று தடவை. பெஞ்சில் வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். மறு வருஷம் அதே ஊருக்குப் போனபோது குத்தகைக்காரர், "என்னம்மா, சில்லு கொண்டாந்தியா, இல்ல நான் தரட்டுமா?" என்று கேட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். அந்தப் பழைய சில்லுதான்.

இப்போது என் மகள் வயிற்றுப் பேத்தி செல்போனில் இதே மாதிரி ஒரு ஆட்டம் ஆடுகிறாள். கட்டையை வைக்க வேண்டும், கயிற்றை வெட்ட வேண்டும், குண்டு உருண்டு போக வேண்டும். தவறினால் "ச்சே!" என்கிறாள். "இதச் செஞ்சவங்க எந்தத் தரையில வச்சிப் பாத்திருப்பாங்க?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நல்ல பெயர் வந்தபோது திறக்காத வாய் பழி வந்தபோது திறந்ததே என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். பழியை என் மேல் போடச் சொன்ன அந்த நிமிஷத்தில்தான், அந்த ஐந்து பலகையும் என்னுடையவை என்று இந்த உலகத்தில் முதல் தடவையாகச் சொன்னேன்.